5ஜி கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கரும் பதக்கமும்: ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்காதீர்கள். ஸ்டிக்கர் எதையும் தடுக்கவில்லை. பதக்கத்தைக் கழுத்தில் போடவே போடாதீர்கள், அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் அப்பாவோ மாமியாரோ ஏற்கெனவே வாங்கி ஒட்டிவிட்டார்கள் என்றால் மட்டும் முழுவதும் படியுங்கள், எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

நாங்கள் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகரில். அப்பா தூரவாணி நகர் ஐடிஐயில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிக்கிற ஐடிஐ இல்லை, 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். ஒரு காலத்தில் நம் ஊர் வீடுகளில் மணியடித்த கறுப்பு போன்கள் பெரும்பாலும் இங்கே செய்தவைதான். எக்ஸ்சேஞ்சுக்கான ரிலேக்களைக் கையால் பூட்டிச் சரிபார்த்தவர் அப்பா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிப் பொருளை வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அப்பாவுக்குப் பல மடங்கு தெரியும். ஆனாலும் வாங்கினார்.

எங்கள் லேஅவுட்டின் சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாக பி.பி., சுகர் பார்க்கிறோம் என்று கூடாரம் போட்டார்கள். பி.பி. பார்த்து முடித்ததும் பக்கத்து மேஜைக்கு அனுப்புகிறார்கள், அங்கேதான் இந்த வியாபாரம். அப்பா வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பெட்டி. தங்க நிறத்தில் மூன்று ஸ்டிக்கர், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு, மூன்றும் சேர்த்து 2,400 ரூபாய். கறுப்புக் கல் மாதிரி ஒரு பதக்கம், 3,500 ரூபாய். மொத்தம் 5,900. பெட்டியின் மேல் குவாண்டம், நெகட்டிவ் அயான் என்றெல்லாம் போட்டிருக்கிறது, தயாரித்தவர்களின் முகவரி இல்லை, ஒரு செல்போன் எண் மட்டும். கையால் எழுதிய ரசீது, அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. அன்றைக்கே எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அப்பா மூன்று போன்களிலும் அதை ஒட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை.

விற்றவர் அங்கே இரண்டு சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார். முதலாவது கைச் சோதனை. ஒரு கையை நேராக நீட்டச் சொல்லி, இன்னொரு கையில் போனைக் கொடுத்து, நீட்டிய கையை அழுத்தினால் கை இறங்கிவிடுகிறது. போனில் ஸ்டிக்கர் ஒட்டியபின் அழுத்தினால் இறங்குவதில்லை. இரண்டாவது, போன் அலையை அளக்கும் ஒரு சின்ன மீட்டர். போனில் யாருக்காவது அழைத்து மீட்டரைப் பக்கத்தில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் போடுகிறது, ஸ்டிக்கரை வைத்தால் அடங்கிவிடுகிறது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று சொல்வாய் என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். அதனால் வாதம் செய்யாமல், அதே சோதனைகளை நாமும் வீட்டில் செய்து பார்ப்போம் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது, வாழ்நாள் முழுவதும் செய்த வேலை அது.

முதலில் கை. என் தம்பி அப்பாவின் கையை அழுத்தினான். அதற்கு முன்னால் நான் இரண்டு உறைகள் தயார் செய்திருந்தேன், ஒன்றில் ஸ்டிக்கர், இன்னொன்றில் அதே அளவுக்கு வெட்டிய வெறும் டேப். எந்த உறையை அப்பாவின் சட்டைப் பையில் போடுகிறேன் என்பது அவருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. பத்து முறை செய்தோம். எந்த உறைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் இன்னொன்று தெரிந்தது: மணிக்கட்டில் அழுத்தினால் கை சுலபமாக இறங்குகிறது, முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினால் அதே பலத்துக்கு அசைவதில்லை. வெறும் நெம்புகோல் கணக்கு. அதோடு இரண்டாவது முறை அழுத்தும்போது நம் உடம்பு தானாகவே தயாராகிவிடுகிறது. இந்தக் கைச் சோதனை புதிதும் இல்லை. பவர் பேலன்ஸ் என்ற ரப்பர் கைப்பட்டையை உலகம் முழுவதும் இதே மாதிரிச் செய்து காட்டித்தான் விற்றார்கள், 2010 கடைசியில் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் பிடித்தபோது, எங்கள் விளம்பரங்களுக்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று அந்த நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளையே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது.

அடுத்து மீட்டர். அப்பாவின் பழைய சிநேகிதர் மகன் எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார், அவரிடம் இரண்டு நாளைக்கு ஒரு மீட்டர் இரவல் வாங்கினோம். கூடாரத்தில் செய்த வரிசையிலேயே செய்தபோது அங்கே நடந்த மாதிரியேதான் நடந்தது: ஸ்டிக்கர் இல்லாமல் அதிகம், வைத்தபின் குறைவு. அப்பா என்னைப் பார்த்தார். சரி, இப்போது திருப்பிச் செய்யலாம் என்று முதலில் ஸ்டிக்கரோடு அழைத்தோம். அதிகம்! பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கரை உரித்தோம், குறைவு. உரித்த பிறகுதான் குறைந்தது. அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அவரே சொன்னார், அழைப்பு இணையும் நேரத்தில் போன் டவரைப் பிடிக்கச் சத்தமாகக் கூப்பிடும், டவர் பதில் கொடுத்தபின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதைத்தான் பார்க்கிறோம் என்று. ஸ்டிக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் முதலில் ஏறும், அப்புறம் இறங்கும். விற்றவர் எப்போது ஒட்டுவது என்ற நேரத்தை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை அப்பா. போனின் செட்டிங்ஸில் சிம் நிலவரம் என்ற இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று டிபிஎம் கணக்கில் காட்டும். ஒரே ஜன்னலோரத்தில், ஒரே மேஜையில் வைத்து ஸ்டிக்கரோடும் இல்லாமலும் பார்த்தோம். மைனஸ் 94, 96, 93, 95 என்று இரண்டு பக்கமும் அதே ஆட்டம். பிறகு அம்மா சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை எடுத்து போனை இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றினோம், நான் அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. உண்மையாகவே அலையைத் தடுத்தால் நடப்பது இதுதான், போன் போனாகவே இருக்காது. கடைசியாக, ஐடிஐ காலத்து மல்ட்டிமீட்டரை எடுத்து ஸ்டிக்கரின் தங்க நிறப் பரப்பில் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தார். மின்சாரம் கடத்தவே இல்லை. அது உலோகம்கூட இல்லை, தங்க நிற மை. பிளேடால் பிரித்தால் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளும் நடுவில் பசையும். சிப் என்ற சொல் பெட்டியில் நான்கு இடத்தில் இருக்கிறது, பொருளில் ஒன்றும் இல்லை. 2020-இல் பிரிட்டனில் 339 பவுண்டுக்கு விற்ற ஒரு 5ஜி தடுப்பு யுஎஸ்பியை அங்கே பிரித்துப் பார்த்தபோது, 128 எம்பி சாதாரண பென் டிரைவும் அதன்மேல் ஒரு ஸ்டிக்கரும்தான் இருந்தன. இதுவும் அந்தக் குடும்பம்தான்.

பெட்டியில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மீட்டர் விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர் தடுமாறவே இல்லை. எங்கள் சிப் அலையைத் தடுப்பதில்லை மேடம், கெட்ட அலையை நல்ல அலையாக மாற்றுகிறது, அது மீட்டரில் தெரியாது என்றார். கூடாரத்தில் மீட்டரைக் காட்டித்தானே விற்றீர்கள் என்று கேட்டேன். வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டார். எனக்கு இந்தப் பொருளில் மிகவும் ஆத்திரம் தந்த இடம் இது. பரிசோதிக்க முடியாத மாதிரி சொல்லை மாற்றிக்கொண்டே போனால் எந்தப் பொருளும் தோற்காது, ஏமாந்தவர் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பார்.

இப்போது பயம் பற்றி, ஏனென்றால் அப்பா வாங்கியது ஸ்டிக்கரை இல்லை. மேஜையில் இருந்தவர் இரண்டு சோதனையும் முடித்துவிட்டு, அப்பா இன்னும் யோசிப்பதைப் பார்த்து ஒன்று கேட்டிருக்கிறார்: "கொரோனா இரண்டாவது அலையில அத்தனை பேர் மூச்சு முட்டிச் செத்தாங்களே அங்கிள், அது வெறும் கிருமின்னா நம்புறீங்க?" அந்த இடத்தில்தான் அப்பா பர்ஸை எடுத்தார்.

எங்கள் சித்தப்பா 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி போனார். படுக்கை கிடைக்க இரண்டு நாள் அலைந்தோம், கிடைத்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். நகரத்துக்குள் இருந்த சுடுகாடுகளில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதால் தாவரேகெரேயில் திறந்த வெளியில்தான் காரியம் நடந்தது. அப்பாவால் போக முடியவில்லை, அவருக்கும் காய்ச்சல். தம்பியின் முகத்தைப் பார்க்காமலே முடிந்துபோனது. அடுத்த வாரம் அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது, 5ஜி சோதனை நடக்கிறது, டவரிலிருந்து வரும் கதிர் காற்றை விஷமாக்குகிறது, அதனால்தான் ஜனங்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள், கொரோனா என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று. அந்தப் பதிவை அப்பா அழிக்கவே இல்லை. படுக்கை கிடைக்காமல், பதில் சொல்ல ஆள் இல்லாமல் தம்பியைப் பறிகொடுத்தவருக்கு, யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்ற நினைப்பு வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த நினைப்பைக் குறிவைத்து 5,900 ரூபாய் வாங்குவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் தேதிகளை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன், இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. தொலைபேசி நிறுவனங்களுக்கு 5ஜி சோதனை செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது 2021 மே 4. சித்தப்பா போய் ஆறு நாள் ஆகியிருந்தது. மே 10-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை, நாட்டில் எங்கேயும் 5ஜி சோதனை இன்னும் தொடங்கவே இல்லை என்று அறிவித்தது. பெங்களூரு உட்பட சில நகரங்களில் 5ஜி உண்மையாக வந்தது 2022 அக்டோபரில். அதாவது எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோது இந்த ஊரில் மட்டும் இல்லை, இந்த நாட்டிலேயே 5ஜி சேவை தொடங்கியிருக்கவில்லை. பிறகு 5ஜி எல்லாத் தெருவுக்கும் வந்தபோது அந்த மாதிரிச் சாவுகள் வரவும் இல்லை. அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்போ அந்த ஆக்சிஜன் மட்டும் கிடைச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் பதில் சொல்லவில்லை.

டவர்மேல் பழி போட்டால், படுக்கை ஏன் இல்லை, ஆக்சிஜன் ஏன் இல்லை என்ற உண்மையான கேள்விகள் அப்படியே மறைந்துபோகின்றன. பொய்யான ரகசியத்தைத் துரத்துகிறவர்கள் உண்மையான தவறைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அறிவியல் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லைத்தான் எக்ஸ்ரேக்கும் சொல்கிறோம், போனுக்கும் சொல்கிறோம், மேஜை விளக்கின் வெளிச்சமும் கதிர்வீச்சுதான். டிஎன்ஏவை உடைக்கும் பலம் எக்ஸ்ரே மாதிரி மிக அதிக அதிர்வெண் உள்ளவற்றுக்குத்தான் உண்டு. இங்கே 5ஜி அதிகமாக ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். நம் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்தின் அதிர்வெண் அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். போன் அலை செய்வதாக உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான், திசுவை மிகக் கொஞ்சமாகச் சூடாக்கும். அதற்கும் வரம்பு இருக்கிறது, உடல் திசு ஒரு கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனில் *#07# என்று அடித்தால் அந்தப் போனின் அளவு தெரியும், அப்பாவுடையதில் வரம்புக்குக் கீழேதான். டவர்களுக்கும் 2012-இல் இந்தியா, சர்வதேச அளவுகோலில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பை இறக்கியது.

2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்ற 2பி வகுப்பில் சேர்த்ததே என்று அப்பா கேட்டார், மேஜையில் அந்தக் காகிதத்தையும் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்தது உண்மை. ஆதாரம் குறைவாக, தீர்மானிக்க முடியாமல் இருப்பவற்றை வைக்கும் வகுப்பு அது, சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, 1994 முதல் 2022 வரை வெளியான 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய மதிப்பாய்வு 2024-இல் வந்தது, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு செய்தது, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இந்தக் காகிதத்தை மேஜையில் கொடுக்கவில்லை. நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராக வழக்குப் போட்டார் என்பதைச் சொன்னவர்கள், டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அதைத் தள்ளுபடி செய்ததையும் சொல்லவில்லை.

போன் அலையைக் குறைக்க வேண்டும் என்று யாராவது இன்னும் நினைத்தால், செலவில்லாத வழி இருக்கிறது. ஸ்பீக்கரில் பேசுங்கள், அல்லது இயர்போன் போடுங்கள், தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே வெகுவாகக் குறையும். லிஃப்டிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் நீண்ட நேரம் பேசாதீர்கள், சிக்னல் குறைவான இடத்தில் போன் அதிகச் சக்தியை எடுக்கும். உண்மையாகவே தடுக்கும் உறை ஒன்றைப் போட்டாலும் இதேதான் நடக்கும், டவர் கிடைக்காமல் போன் இன்னும் பலமாகக் கத்தும். வீட்டுப் பக்கத்து டவர்மேல் சந்தேகம் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் அந்த டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம், 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளந்து தருகிறார்கள். அப்பா கொடுத்த பணத்தில் அதைச் செய்து மீதியும் கையில் இருந்திருக்கும்.

பதக்கத்துக்கு வருகிறேன். நெகட்டிவ் அயான், அதாவது காற்றில் எதிர்மின் துகள்களை உண்டாக்கும் என்று விற்கும் பதக்கங்களில் அந்த விளைவுக்காகத் தோரியம், யுரேனியம் கலந்த தாதுப் பொடியைச் சேர்ப்பது வெளிநாடுகளில் பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிப் பத்துப் பொருள்களை, பதக்கம், தூங்கும்போது கண்ணில் கட்டும் பட்டை, குழந்தைகளின் கைச்சங்கிலி உட்பட, கதிரியக்கம் உள்ளவை என்று தடை செய்தது. நெடுநாள் போட்டுக்கொண்டிருந்தால் தோலுக்குக் கேடு என்றது. போன் அலை மாதிரி இல்லை இது, டிஎன்ஏவை உடைக்கும் வகை. எங்கள் வீட்டுக்கு வந்ததில் என்ன பொடி என்று பெட்டியில் எழுதவில்லை, எழுதாத ஒன்றை இரவும் பகலும் நெஞ்சில் வைத்துக்கொள்ள நான் விடமாட்டேன். முதல் வாரமே கழற்றச் சொல்லி ஒரு டப்பாவில் போட்டு மொட்டை மாடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பணம் திரும்ப வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், மூன்றாவது முறை எண் எடுக்கப்படவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், பெட்டியின் படம், ரசீது எல்லாவற்றோடும் புகார் பதிவு செய்திருக்கிறேன். ரசீதை எறியாதீர்கள், கூடாரத்தின் பேனரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அடுத்த ஞாயிறு அந்தக் கூடாரம் அங்கே இல்லை.

அப்பா இப்போது மூன்று போன்களிலிருந்தும் ஸ்டிக்கரை உரித்துவிட்டார். மல்ட்டிமீட்டரையும் அறுத்த ஸ்டிக்கரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காலை நடையின்போது பழைய ஐடிஐ சிநேகிதர்களுக்குக் காட்டுகிறார். அதே கூடாரத்தில் நான்கு பேர் வாங்கியிருக்கிறார்கள், மூன்று பேர் உரித்துவிட்டார்கள். நான்காமவருக்கு மனைவி இறந்தது 2021 மே மாதத்தில். அவர் அப்பா சொன்னது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாராம். அப்பா அவரிடம் மீட்டரை எடுக்கவில்லை. "சரி, ஸ்டிக்கர் இருக்கட்டும். கழுத்தில இருக்கிறதை மட்டும் கழற்றிக் கொடுப்பா" என்று கையை நீட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். இப்போது மொட்டை மாடி டப்பாவில் இரண்டு பதக்கங்கள் இருக்கின்றன.